பதின்மூன்று கன்றுகள் குறைந்த எண்

864,864.

இந்த எண்ணை எங்கே பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பஸ் டிக்கெட்டில் ஒருமுறை 864 என்று பாதி எண் வந்ததற்கே நான் தனியாகச் சிரிக்க, பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மா இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

போன மாதம் எங்கள் பழைய தோட்டத்து ஆபீசுக்குப் போயிருந்தேன். மேசைக்கு மேசை கால்குலேட்டர் வைத்திருக்கிறார்கள். “ஐயா, இது இல்லாம எப்படித்தான் வேல பாத்தீங்க?” என்று பையன்கள் கேட்டார்கள். நான் 864,864 என்று அடிக்கச் சொன்னேன். ஏழால் வகு என்றேன், மிச்சமில்லாமல் போனது. பதினொன்றால் போனது. பதின்மூன்றாலும் போனது. ஒன்று முதல் பதினாறு வரை எதைக் கொடுத்தாலும் இந்த எண் வகுபடும். ஐந்து, பத்து, பதினைந்து ஆகிய மூவரோடு மட்டும்தான் அதற்குப் பேச்சுவார்த்தை கிடையாது. பையன்கள் அசந்துபோனார்கள். “இந்த நம்பர எங்க புடிச்சீங்க ஐயா?” என்றார்கள். பிடிக்கவில்லை, நட்டோம் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. ‘அப்படியானால் எழுதிக் கொடுங்கள்’ என்றார்கள். எழுதுகிறேன்.

மலாயாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாக, அதாவது உதவிக் கணக்கராக, சேர்ந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று எடை எழுதுவதுதான் வேலை. முதல் மூன்று வருடத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: மழையில் நனைந்தேன், திட்டு வாங்கினேன், கூட்டல் போட்டேன். எனக்கு எண் பைத்தியம். தோட்டக் குடியிருப்பு வரிசையான லயத்தில், வீட்டு எண்ணைக்கூட எதால் வகுபடும் என்று பார்க்காமல் உள்ளே நுழைய மாட்டேன்.

எனக்கு மேலே பெரிய கிராணி ஞானமுத்து. ஓர் எண்ணை எழுதுவது அவருக்குப் பூசை மாதிரி. முதலில் பென்சிலைச் சீவுவார். சீவிய துருவலைக் காகிதத்தில் மடித்துக் கூடையில் போடுவார். எண்ணை ஒருமுறை வாய்விட்டுச் சொல்வார். பிறகு ஒன்பதைத் தள்ளிப் பார்ப்பார். அதாவது இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய், ஒன்பது சேரும்போதெல்லாம் விட்டுவிடுவார். கூட்டலுக்கு முன்னும் பின்னும் மிஞ்சுவது ஒன்றாக இருந்தால்தான் சிவப்புப் பென்சிலால் ஒரு சின்னக் கோடு விழும். அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. “கண்ணால பாக்காதத நான் கையால எழுதமாட்டேன்.” இதை வெள்ளைக்காரத் துரையிடமே சொன்ன மனிதர் அவர்.

அவர் என்னை ஒரு மனிதனாக மதித்தது ஒரு சின்ன விஷயத்தால்தான். ஒருநாள் வெளித் தராசில் நிறுத்த கொழுந்தும் ஆலைத் தராசில் நிறுத்த கொழுந்தும் இருபத்தேழு ராத்தல் வித்தியாசப்பட்டன. அவர் ஒன்பதைத் தள்ளிப் பார்த்தார், சரியாக வந்தது. மறுபடி பார்த்தார், மறுபடியும் சரி. மனிதருக்கு வியர்த்துவிட்டது. இருபத்தேழு ஒன்பதால் வகுபடும் எண்ணாயிற்றே, அங்கேதான் வினை இருக்கிறது என்று எனக்குப் பட்டது. “ஐயா, எவனோ இலக்கத்த மாத்தி எழுதியிருக்கான். முப்பத்தாற அறுபத்து மூணுன்னு எழுதினா ஒம்போதுக்குக் கண்ணு தெரியாது” என்றேன். தேடிப் பார்த்தோம். முப்பத்தாறு ராத்தல் அறுபத்து மூன்றாக இருந்தது. எழுதியவன் எவனோ இல்லை, நானேதான். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் பாதி, மரியாதை பாதி.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். எங்களுக்கு வந்த ஜப்பான் அதிகாரி குட்டையான மனிதர், மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருப்பார். கத்தி ஒரு பக்கம், மணிச்சட்டம் மறுபக்கம் என்று இடுப்பில் இரண்டு ஆயுதம். மணிச்சட்டம் என்றால் கம்பியில் மணி கோத்த கணக்குச் சட்டம். கத்தியை அவர் உருவி நான் பார்த்ததில்லை. மணிச்சட்டத்தை உருவாத நாள் கிடையாது. ஜப்பானில் என்ன வேலை பார்த்தாரோ தெரியாது, வகுத்தலில் மீதி வந்தால் அவருக்கு உடம்பு கூசும். “பாக்கி தக் போலே!” என்று கத்துவார். மலாய் கேட்டால் அவருக்குப் புரியும், பேசுவது நாலு வார்த்தைதான், அதில் இது ஒன்று. மீதி கூடாது என்று அர்த்தம். பாக்கி நமக்கும் தெரிந்த வார்த்தைதானே, அதனால் தோட்டமே அவருக்குப் பாக்கி துரை என்று பெயர் வைத்துவிட்டது.

ஒருநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கும் நேரத்தில், அவர் பெரிய கிராணியை விட்டு ஓர் உத்தரவைப் படிக்க வைத்தார். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும். தேயிலைக்குத் தேவையானவர்கள் இருக்கலாம், மற்றவர்கள் போக வேண்டும். தேவையானவர் எத்தனை பேர் என்பதை அவர் கணக்குப் போட்டே முடிவு செய்வாராம். தோட்டத்தில் உள்ள எல்லாத் தேயிலைச் செடிகளையும் எண்ண வேண்டும். அதைத் தோட்டத்து ஆட்களுக்குச் சமமாக வகுக்க வேண்டும். பாக்கி வந்தால் ஆள் அதிகம் என்று பொருள். ஒவ்வோர் ஆளாகக் குறைத்து வகுத்துக்கொண்டே வந்து, எந்த எண்ணில் பாக்கி இல்லையோ அங்கே நிறுத்துவார். அத்தனை பேர் தோட்டத்துக்கு. பட்டியலின் கடைசியிலிருந்து மீதிப் பேர் சயாமுக்கு.

பட்டியலில் 286 பேர் இருந்தார்கள். 286-வது பெயர் முனியாண்டி, என் தங்கை காமாட்சியின் புருஷன். கல்யாணம் முடிந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. ஓர் ஆள் போனாலும் அவன்தான் போக வேண்டும். கீழே தாப்பா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் போனவர்கள் ஒருவரும் அதுவரை திரும்பி வரவில்லை. அன்றைக்குக் காமாட்சி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அண்ணே, நீங்கதான் நம்பர்ல கெட்டிக்காரராச்சே. எதாச்சும் செய்வீங்கல்ல?”

செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எட்டு லட்சம் செடியோ பத்து லட்சம் செடியோ, 286-ஆல் தானாகவே சரியாக வகுபட என்ன வாய்ப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எண்ணும் வேலை தொடங்கியது. பாக்கி துரையே ஒரு வழி சொன்னார்: செடிக்கு ஓர் இலை கிள்ளிக் கூடையில் போட வேண்டும், ஆலை மாடியில் கொழுந்து வாட்டும் தட்டில் கொட்டி ஆண்கள் இலைகளை எண்ண வேண்டும். ஒரு செடியும் தப்பாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் மலையில் 163,827 வந்தது. இரண்டாவதில் 98,412. மூன்றாவதில் 207,315. மூன்றாவது மலையைப் போய் யார் பார்த்தாலும் இரண்டு லட்சம் செடி இருக்கும் என்று சொல்லமாட்டார்கள். எனக்கு இன்னொன்றும் உறுத்தியது. மூன்று எண்களின் இலக்கங்களையும் கூட்டிப் பார்த்தேன். இருபத்தேழு, இருபத்து நாலு, பதினெட்டு. மூன்றுமே, சொல்லி வைத்தாற்போல, மூன்றால் வகுபட்டன.

மலைக்கு ஓடினேன். கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த அஞ்சலை அக்கா நிரையில் நின்று கிள்ளிக்கொண்டிருந்தார்.

“அஞ்சலக்கா, ஒரு செடிக்கு எத்தன இலை கிள்ளுறீங்க?”

“ஒண்ணுதான் தம்பி. தொர ஒண்ணுன்னுதானே சொன்னாரு.”

“கையப் பாருங்க அக்கா.”

அவர் விரலைப் பார்த்தார். இரண்டு இலை ஒரு மொட்டு, அச்சில் வார்த்தது மாதிரி. அடுத்த செடியில் கிள்ளினார். அதுவும் இரண்டு இலை ஒரு மொட்டு. மூன்றாவது செடியில் கண்ணை விரித்து வைத்துக்கொண்டு கிள்ளினார். அப்போதும் அதே.

“அடி பாவி கையே!” என்று தன் கையைத் தானே அடித்துக்கொண்டார். “இருவது வருசமா ரெண்டு எல ஒரு மொட்டுன்னு கங்காணி திட்டுன திட்டு கைக்குள்ளயே போயி உக்காந்துருச்சு தம்பி. ஒண்ணு போதும்டின்னா கேக்கமாட்டேங்குதுலா!”

பக்கத்து நிரைப் பெண்களும் தங்கள் கூடையை எட்டிப் பார்த்தார்கள். மலை முழுக்க ஒரே சிரிப்பு. மாடியில் எண்ணிய ஆண்கள் அதைவிட மேல். இலை எண்ணச் சொன்னார்கள் என்று ஒவ்வொரு கொழுந்தையும் பிய்த்து மொட்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள்! “மொட்டும் நாளைக்கி எலதானே கெராணி” என்றார் ஒருவர்.

‘மூன்றால் வகுத்துவிடலாமே’ என்றேன் பெரிய கிராணியிடம். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். “அது ஊகம். ஊகத்த எழுதமாட்டேன்” என்று சொல்லி, நேராகப் பாக்கி துரையிடம் போய் நடந்ததைச் சொன்னார். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. தொப்பி உருண்டு போனது. அவர் அதை எடுத்துத் தட்டி மாட்டிக்கொண்டு, “திரும்ப எண்ணுறோம்” என்றார்.

இரண்டாம் முறை சணல் கயிறு கொடுத்தோம், நூறு செடிக்கு ஒரு முடிச்சு. முதல் மலையின் கணக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை: 54,609. பழைய எண்ணில் மூன்றில் ஒரு பங்கு, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை! ஒரு மலை முழுக்க ஒரு பெண்ணும் ஒரு கிள்ளலில்கூடப் பிசகவில்லை. உத்தரவை மீறியதிலும் அவ்வளவு ஒழுங்கு. சயாம், ரயில் எல்லாம் மறந்து, ஆபீசில் நின்று கைதட்டினேன். பெரிய கிராணி, “உக்காருய்யா” என்றார். அவர் மீசையும் ஆடத்தான் செய்தது.

மொத்தம் 864,851 வந்தது.

பாக்கி துரை காலையிலேயே ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். 286-ஆல் வகுத்தார். பாக்கி 273. முகம் சுருங்கியது. 285-ஆல் வகுத்தார், பாக்கி 161. 284, பாக்கி 71. மணிகள் சடசடவென்று ஓடின. ஆலையில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். 250 வந்தது, 200 வந்தது, 150 வந்தது. ஒவ்வொரு தடவை அவர் உதறித் தொடங்கும்போதும் இன்னொரு குடும்பம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் நாலு மணிக்கு, இருநூற்றுப் பதினாறாவது தடவையில், துள்ளி எழுந்தார்.

“பாக்கி தாடா!”

பாக்கி இல்லை. 71 பேருக்கு ஆளுக்கு 12,181 செடி. ஒரு மனுஷி பன்னிரண்டாயிரம் செடியை எப்படிப் பறிப்பாள் என்று அவர் யோசிக்கவில்லை, எண் சுத்தமாக இருந்தது, அவருக்கு அது போதும். 215 பேர் சயாமுக்கு. மறுநாள் பிற்பகல் லோரிகளை அனுப்பச் சொல்லிப் போனில் பேசினார்.

நான் மேசையில் உட்கார்ந்து அந்த எண்ணையே முறைத்தேன். ஆயிரத்துக்குப் பக்கத்தில் கமா போட்டு எழுதியிருந்ததால் அது இரண்டு துண்டாகத் தெரிந்தது. 864, 851. முன்துண்டும் பின்துண்டும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. சட்டென்று என் உச்சந்தலையில் யாரோ தட்டியது போல் இருந்தது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று மூன்றையும் பெருக்கினால் ஆயிரத்து ஒன்று. ஒரு மூன்றிலக்க எண்ணை ஆயிரத்து ஒன்றால் பெருக்கினால் அதே எண் இரண்டு தரம் வரும். ஆகவே இரண்டு துண்டும் ஒன்றாக இருக்கும் எந்த எண்ணும் பதினொன்றாலும் பதின்மூன்றாலும் வகுபட்டே தீரும். 286 என்பது என்ன? இரண்டு, பதினொன்று, பதின்மூன்று மூன்றையும் பெருக்கியதுதானே! 864,864 என்று இருந்தால் அது இரட்டை எண்ணும்கூட. 286 பேருக்கும் வகுபடும். ஆளுக்கு 3,024 செடி. குறைவது பதின்மூன்றே பதின்மூன்று செடி!

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த வேகத்தில் மைக்கூடு கவிழ்ந்தது.

“ஐயா, பதிமூணு செடி கூட எழுதிட்டா ஒருத்தரும் போக வேண்டாம்!”

பெரிய கிராணி மையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “எங்க இருக்கு அந்தப் பதிமூணு செடி?”

“இல்லீங்க. ஆனா எட்டு லட்சத்துல பதிமூண யாரு பாக்கப் போறா?”

“நான் பாக்கலல்ல. எழுதமாட்டேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கொள்கையை அந்த நிமிடத்தில் வெறுத்தேன். “ஐயா, இருநூத்திப் பதினஞ்சு பேருங்க. என் தங்கச்சி புருசன் அதுல ஒருத்தன்.”

அவர் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். துருவலை மடித்துப் போட்டார். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னார். “நர்சரியில கன்னு இருக்கு. ஏழாம் மலையில மண்ணு சரிஞ்ச எடம் காலியா கெடக்கு. நட்டா, வந்து பாப்பேன். பாத்தா, எழுதுவேன்.”

மனிதரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. பயத்தில் கும்பிட்டு மட்டும் வைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் அஞ்சலை அக்கா, காமாட்சி, இன்னும் நாலு பெண்கள் ஏழாம் மலையில் குழி தோண்டினார்கள். கொண்டாட்டம் மாதிரி இருந்தது. ஒவ்வொரு கன்றையும் வைக்கும்போது, “இது இருவத்திரண்டு பேரு!” என்று ஒருத்தி கூவினாள். 286-ஐப் பதின்மூன்றால் வகுத்துப் பார்த்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் மரியாதையே வந்துவிட்டது. எனக்குத்தான் அங்கே நின்று பார்க்க நேரமில்லை. பாக்கி துரைக்கு விஷயம் சொல்லப் போய்விட்டேன்.

அவர் முதலில் உறுமினார். பிறகு பழக்கதோஷத்தில் விரல் மணியைத் தேடியது. 864,864-ஐ 286-ஆல் வகுத்தார். வகுத்து முடித்ததும் அப்படியே நின்றார். மறுபடி வகுத்தார். காகிதத்தில் எண்ணை எழுதி, முன்துண்டையும் பின்துண்டையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். இரண்டு பைத்தியங்களுக்கும் ஒரு நிமிடம் சண்டை மறந்துபோனது. பிறகு, ‘வா, செடியைக் காட்டு’ என்று கையால் சைகை செய்தார்.

பெரிய கிராணியும் தடி ஊன்றிக்கொண்டு வந்தார். ஏழாம் மலையில் பாக்கி துரை கன்று கன்றாகத் தொட்டு எண்ணினார். நான் மனதுக்குள் கூடவே எண்ணினேன். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.

பதினான்கு.

அவர் திரும்ப எண்ணினார். பதினான்கு. மணிச்சட்டத்தை உதறினார். “பாக்கி சாத்து!” பாக்கி ஒன்று. விரல் 285-க்குத் தயாரானது.

“அக்கா, பதிமூணுன்னு தானே சொன்னேன்!”

“பதிமூணுதான் தம்பி நட்டோம்” என்றார் அஞ்சலை அக்கா. “மொதக் கன்னு ஆத்தாளுக்கு. எப்ப நட்டாலும் மொதக் கன்னு மாரியாத்தாளுக்குத்தானே? அத யாராச்சும் கணக்குல சேப்பாங்களா?”

பெரிய கிராணி துரைக்கு விளக்கிச் சொன்னார். துரை கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் கன்றைச் சுட்டிக் காட்டினார். செடி மண்ணில் இருக்கிறது, இருந்தால் எண்ணத்தான் வேண்டும். பெரிய கிராணியும் தலையை ஆட்டினார். அவருடைய கொள்கையும் அதுதான்.

பிடுங்கினால் முடிந்தது. ஒரு சாண் கன்று. ஆனால் ஆத்தாளுக்கு வைத்ததைப் பிடுங்கினால் வீட்டில் அம்மை போடும் என்று அந்தப் பெண்கள் ஆறு பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எண் பைத்தியமான நான், இதெல்லாம் கணக்குக்கு முன்னால் என்ன என்று கேட்கக்கூடிய நான், குனியப் போய்க் குனியாமல் நின்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் கை போகவில்லை.

கீழே வளைவில் லோரிச் சத்தம் கேட்டது.

காமாட்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். கன்றின் முன் மண்டி போட்டாள். “ஆத்தா கேட்டா எம் பேரச் சொல்லுங்க அக்கா” என்றாள் அஞ்சலையிடம். “காமாச்சிதான் புடுங்குனான்னு சொல்லுங்க. வேற யாரையும் சொல்லாதீங்க.” இரண்டு கையாலும் பிடித்து வேரோடு எடுத்தாள். அஞ்சலை அக்கா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

பாக்கி துரை மூன்றாம் முறையாக எண்ணினார். பதின்மூன்று. மணிகள் ஓடி நின்றன. “பாக்கி தாடா” என்றார், இந்தத் தடவை மெதுவாக. காமாட்சியின் மண் அப்பிய கையைப் பார்த்துவிட்டு, தலையை லேசாகக் குனிந்துவிட்டு இறங்கிப் போனார். பெரிய கிராணி அந்த இடத்திலேயே நோட்டை முட்டியில் வைத்து, வாய்விட்டுச் சொல்லி, ஒன்பதைத் தள்ளி, 864,864 என்று எழுதிச் சிவப்புக் கோடு போட்டார்.

நாங்கள் இறங்கியபோது ஆலை முன்னால் எட்டு லோரிகள் வரிசையாக நின்றன. முனியாண்டி ஒரு துணி மூட்டையோடு, மற்ற ஆட்களோடு, சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இன்னும் விஷயம் தெரியாது. காமாட்சி அவன் கையிலிருந்த மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தாள். அவன் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே ஓடினான்.

முன்லோரி டிரைவர், நம்ம ஆள்தான், தலையை வெளியே நீட்டினான்.

“பெரிய கெராணி, ஏத்துறதுக்கு யாரும் இல்லியா?”

ஒரு நாளும் பொய் எழுதாத ஞானமுத்து ஐயா ஆலையை ஒருமுறை பார்த்தார், லயத்தை ஒருமுறை பார்த்தார்.

“எல்லாரும் இருக்காங்க” என்றார். “இருநூத்தி எம்பத்தாறு பேரும் இருக்காங்க. நீ வண்டியத் திருப்பு.”